உள்ளிருந்து திறக்கும் கதவு

பதினோரு வருடமாக நான் செய்துவரும் வேலையை ஒரே வசனத்தில் சொல்லச் சொன்னால், அரசாங்கம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன் என்றுதான் சொல்வேன். பம்பலப்பிட்டியில் காலி வீதியைப் பார்த்த கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் எங்கள் கந்தோர் இருக்கிறது. வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு நாங்கள் உள்ளூர் முகவர்கள். அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, தண்ணீர் பவுசர் என்று ஏதாவது திணைக்களம் டெண்டர் அழைத்தால், அதற்குரிய பத்திரக் கட்டை வாங்கி வந்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே ‘இணங்குகிறது’ அல்லது ‘இணங்கவில்லை’ என்று நிரப்புவேன். மூலப்பிரதியை ஓர் உறையிலும் நகலை இன்னோர் உறையிலும் போட்டு, முத்திரை வைத்து, குறித்த நேரத்துக்கு முன்னால் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் கையொப்பம் விடுபட்டாலும் முழுவதையும் தள்ளிவிடுவார்கள். என் கையால் போனது எதுவும் அப்படித் தள்ளப்பட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

நாட்டில் டொலர் இல்லாமல் போய் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் வேலையும் நின்றுபோனது. பதினான்கு பேராக இருந்த கந்தோரில் ஆறு பேர் மிஞ்சினோம். எங்கள் முதலாளி தலைமுறை தலைமுறையாகக் கொழும்பில் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் வந்தவர், அறுபதைத் தாண்டியவர். ஓர் ஆளை நிறுத்திய ஒவ்வொரு நாளும் அவருடைய மத்தியானச் சாப்பாடு திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இறக்குமதி மறுபடி திறந்த பிறகும் திணைக்களங்கள் எதையும் வாங்குவதாகக் காணவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை, பத்திரிகையில் வெட்டிய ஒரு விளம்பரத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். காலாட்படைப் பிரிவுகளுக்கு இலகுரகக் கவச வாகனங்கள் கொள்வனவு செய்தல்.

நான் இரண்டு தரம் வாசித்தேன். அவர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

“வெளிநாட்டுக்கு அனுப்புற அமைதிப்படைக்கித்தான் கேக்குறாங்களாம், தங்கச்சி. இங்க பாவிக்கிறதுக்கு இல்ல. ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி சொல்லுங்க, நான் விட்டுடுறன்.”

அவர் பொய் சொல்லவில்லை. விருப்பமில்லை என்று நான் சொல்லியிருந்தால் உண்மையாகவே விட்டிருப்பார். விட்டால் அந்த ஆறு பேரும் என்ன ஆவோம் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். என் கணவர் வேலை செய்த அச்சகம் மூடி ஒரு வருடமாகியிருந்தது. வெள்ளவத்தையில் வாடகை வீடு. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “செய்வம் சேர்” என்றேன். வீட்டில், ஒரு ட்ரக் டெண்டர் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முழுவதையும் சொல்ல முடியாததற்கு அத்தான் ஒரு காரணம். என் அக்காவின் புருஷன் அவர். இருவரும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது இராணுவத்தினர் அவரை மூடிய ட்ரக் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போய், பதினொரு நாள் கழித்து விட்டார்கள். அடி விழுந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வான் வண்டி எதிலும் ஏறியதே இல்லை. பஸ்ஸில்கூட மிதிபலகைக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தால்தான் போவார். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மற்றவர்கள் வான் பிடித்து வந்து சேர, அவர் தனியாக இரண்டு பஸ் மாறி, வியர்வையோடு பிந்தி வந்து நிற்பார். அவரிடம் போய் நான் எந்த வாகனத்துக்குப் பத்திரம் நிரப்புகிறேன் என்று எப்படிச் சொல்வது?

நிபந்தனைகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. தகட்டின் தடிப்பு, எந்தத் துப்பாக்கியின் குண்டை எவ்வளவு தூரத்தில் தாங்க வேண்டும், அடியில் கண்ணிவெடி வெடித்தால் தரை எவ்வளவு வளையலாம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். தயாரிக்கும் கொம்பனி அனுப்பிய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து ‘இணங்குகிறது’ என்று எழுதிக்கொண்டே போனேன். சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் எந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடினோமோ, அந்தச் சத்தங்களெல்லாம் இங்கே மில்லிமீற்றரிலும் மீற்றரிலும் இருந்தன. பழகிய கை, அம்புலன்ஸுக்கு எழுதியதுபோலவே எழுதியது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பாதி எழுதியிருக்கும்போது விண்ணப்பதாரர்களுக்கான முன்கூட்டம் நடந்தது. இன்னொரு கொம்பனியின் ஆள் எழும்பி, இந்த வாகனங்கள் வெளிநாட்டுப் பணிக்கு மட்டும்தானா என்று கேட்டார். பதில் சொன்ன அதிகாரி மரியாதையானவர். பிரிவுகளுக்குக் கொடுக்கப்படும், தேவைப்படும் இடத்தில் பயன்படும் என்றார். நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். முதலாளியும் நானும் காரில் திரும்பினோம். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, “பாதி எழுதியாச்சே, தங்கச்சி” என்றார். நான் ஓம் என்றேன்.

எங்கள் உறை திறக்கப்பட்டது, பத்திரங்கள் சரியாக இருந்தன. அடுத்தது வாகனத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மாதிரி வாகனம் கப்பலில் வந்து, கொழும்புக்கு வெளியே ஒரு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதோடு வந்த பொறியியலாளருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. படையினர் சிங்களத்தில் கேட்பதை ஆங்கிலத்தில் சொல்லவும், ஒவ்வொரு சோதனையும் நடந்த நேரத்தைக் குறிக்கவும் நான் போக வேண்டியிருந்தது. வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதினேன். காவலில் நின்றவன் அடையாள அட்டையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரையோ தொலைபேசியில் கேட்டான். இருபது நிமிடம் வெயிலில் நின்றேன். பிறகு, போகலாம் மிஸ் என்று சிங்களத்தில் சொல்லி, என் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டான். வாழ்நாள் முழுக்க இப்படி நின்று பழகியவள்தான். ஆனால் அவர்களுக்கு வாகனம் விற்க வந்தவளாக நின்றது அன்றுதான் முதல் தரம்.

வாகனம் நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. முன்னால் ஓட்டுபவரின் பகுதி. அதற்கும் பின்பகுதிக்கும் நடுவே இரும்புச் சுவர், அதில் கையகல ஓட்டை. பின்னால் முகத்துக்கு முகம் பார்க்க நான்கு நான்காக எட்டு இருக்கைகள். கூரையில் ஒரு மூடி இருந்தது. கப்பலில் மழை இறங்காமலிருக்க அதை வெளியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள், யாரும் கழற்றவில்லை. ஏறி இறங்க மிஞ்சியது பின்கதவு ஒன்றுதான்.

காலையில் ஓட்டிக் காட்டியதெல்லாம் நன்றாக நடந்தது. பிறகு பின்கதவுச் சோதனை. வாகனத்தின் மின்சாரம் முற்றாக இல்லாமல் போனாலும், உள்ளே இருக்கும் ஒருவர் கையால் கதவைத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எட்டு இருக்கையும் நிரம்பியிருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். சோதனைக் குழுவின் மேஜர் ஒருவரும் ஆறு படையினரும் ஏறினார்கள். எட்டாவது இருக்கைக்குரிய ஆள் எங்கேயோ போயிருந்தான். மேஜர் என்னைப் பார்த்து, எப்படியும் நேரம் குறிக்க வேண்டுமே, மிஸ்ஸுக்கு ஏறுவதில் பிரச்சினை இல்லையே என்று சிங்களத்தில் கேட்டார். பிரச்சினை இல்லை என்றேன். அந்தப் பதில் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

கதவு மூடியது. பொறியியலாளர் முன்னால் பற்றரி வயரைக் கழற்றினார். விளக்கும் குளிரூட்டியும் ஒன்றாக நின்றன. மேஜர் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார். பாதி திரும்பி நின்றுவிட்டது. மறுபடி திருப்பினார். வயதான சார்ஜன்ட் ஒருவர் எழும்பி முயன்றார். பிறகு இருவர் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். ஓட்டையால் பொறியியலாளரின் குரல் வந்தது, ஒரு நிமிடம் என்று. வயரைத் திரும்பக் கொழுவினார். அப்போதும் பூட்டு அசையவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தடித்த கண்ணாடியால் வந்த மங்கல் வெளிச்சத்தில் எழுதினேன்: பத்து இருபது, கதவு திறக்கவில்லை.

பத்து முப்பதுக்கு எல்லோருடைய உடுப்பும் நனைந்துவிட்டது. முழங்கால்கள் எதிரே இருப்பவரின் முழங்காலோடு முட்டிக்கொண்டிருந்தன. வெளியே ஓடித் திரிவதும் இரும்பில் தட்டுவதும் கேட்டது. கூரை மூடியின் போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர் முகாமில் இல்லை என்று யாரோ கத்தினார்கள். எனக்கு எதிரே இருந்தவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். அவன் வாயைத் திறந்து மூச்சை இழுக்கத் தொடங்கினான், ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடச் சின்னதாக. சார்ஜன்ட் அவனுடைய தொடையில் கையை வைத்து, கூரையில் இருக்கும் போல்ட்டுகளைச் சத்தமாக எண்ணு என்றார். அவன் சிங்களத்தில் எண்ணினான். நான் மனதுக்குள் தமிழில் எண்ணினேன். முப்பதுக்கு மேலே போனதும் அவன் பிழைவிட்டான், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான்.

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பித் தமிழில் கதைத்தார். வவுனியாவில் பல வருடம் இருந்தவராம்.

“அக்கா பயப்பட வேணாம். கதவு திறக்கும்.”

“எனக்குப் பயமில்லை” என்றேன். அது பொய். கதவு திறக்காமல் போய்விடும் என்பதைவிட, அவர்களுக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கைப்பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. எடுத்து, எண்ணிக்கொண்டிருந்தவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தான். அது சுற்றி வந்து மேஜரிடம் போய், அவர் குடிக்காமலே என்னிடம் திரும்பி வந்தது.

அப்போதுதான் அத்தானை நினைத்தேன். அந்த ட்ரக்கின் உள்ளே எப்படி இருந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. எனக்கு அங்கே நடந்ததை அதோடு ஒப்பிட முடியாது என்பதும் தெரியும். என்னோடு உள்ளே இருந்த ஏழு பேரும் என்னைப் போலவே வெளியே வர விரும்பினார்கள். வெளியே இருந்தவர்களும் எங்களை எடுக்கத்தான் பாடுபட்டார்கள். அவருக்கு அந்த இரண்டில் ஒன்றும் இருந்திருக்காது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு, வெளியிலிருந்து இரும்புக்கம்பி கொடுத்து நெம்பி, கதவை ஒரு பக்கமாகப் பிடுங்கினார்கள். எண்ணிக்கொண்டிருந்தவன் இறங்கியதும் புல்லில் குனிந்து காலைச் சாப்பாட்டைச் சத்தி எடுத்தான். மேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் குறிப்புப் புத்தகத்தில் நின்றபடியே எதையோ எழுதினார். சார்ஜன்ட் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து நிழலில் போட்டார்.

முகவர் தரப்பும் சோதனை அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். அதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியவள் நான். அடுத்த நாளே தயாரிப்பாளர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கதவுச் சோதனைக்கு எழுத வேண்டிய வசனத்தை அவர்களே எழுதியிருந்தார்கள்: சிறு சரிசெய்தலின் பின் கதவு திறந்தது.

நான்கு நாள் அந்த வசனத்தோடு இருந்தேன். நடந்ததை எழுதினால் டெண்டர் போய்விடும், அதோடு கந்தோரும். அவர்கள் சொன்னதை எழுதினால் அந்தக் கதவோடு வாகனங்கள் வரும், போல்ட் எண்ணியவனைப் போன்றவர்கள் அதில் ஏறுவார்கள். இராணுவத்தின் வாகனக் கதவு திறந்தால் எனக்கென்ன, திறக்காவிட்டால் எனக்கென்ன என்றும் ஒரு மனம் சொன்னது. அந்த மனத்துக்கு நான் வெட்கப்படவில்லை, அதற்கும் காரணங்கள் இருந்தன. அதற்கு மேலே இன்னொரு பயம். கதவு நல்லது என்று எழுதி, நாளைக்கு யாரும் உள்ளே செத்தால், கையெழுத்து வைத்த தமிழ்ப் பெண்ணைத் தேடி வருவார்கள். கெட்டது என்று எழுதினாலோ, தமிழ்ப் பெண் வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பெயர் அங்கே இருந்தது.

ஞாயிறு பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சொல்லும் எண்ணத்தோடு போகவில்லை. அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் நின்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“அதுக்குள்ளயோ போய் இருந்தனீ?”

“வேலை, அக்கா.”

“என்ன வேலையடி இது? அவையள் எங்களை ஏத்தினதுக்கு நீ இப்ப வாகனம் பிடிச்சுக் குடுக்கிறியோ?”

அத்தான் முன்னறையில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அவர் எழும்பி வந்து குசினிக்கு வெளியே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“உள்ளுக்கிருந்து திறக்கேலாதோ?” என்று கேட்டார்.

“ஏலாது, அத்தான். இரும்பு குடுத்துத்தான் நெம்பினவை.”

“எவ்வளவு நேரம் இருந்தனியள்?”

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், நான் புறப்படும்வரைக்கும் அங்கேயே எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அக்கா வாசல்வரை வந்தாள். அந்த வேலையை விடு என்றாள். வீட்டு வாடகையையும் மகளின் படிப்பையும் அவளுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை, அவளுக்கே தெரியும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என் ஃபோனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதினேன். பத்து இருபதிலிருந்து பத்து ஐம்பத்தெட்டுவரை. கூரை மூடி கழற்றப்படாமல் இருந்ததையும், ஒருவருக்குச் சுகமில்லாமல் போனதையும் எழுதிக் கையெழுத்து வைத்து முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்தார்.

“இத அனுப்பினா நம்ம கந்தோர மூடினாப் போலதான், தங்கச்சி.”

“வேற மாதிரி எழுதிறதெண்டால் நீங்கள்தான் கையெழுத்து வைக்கோணும், சேர். என்னால ஏலாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு நாள் அந்தத் தாள் அவருடைய மேசையிலேயே கிடந்தது. கடைசி நாள் மத்தியானம் தொழுதுவிட்டு வந்து, அதை உறையில் போட்டு முத்திரை வைத்தார். தயாரிப்பாளர்களிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புக்களை அவரே எடுத்துத் திட்டு வாங்கினார். நான் மேசை லாச்சியைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். வேலை போய்விடும் என்பது நிச்சயம் என்று நினைத்தபோது ஏனோ ஒரு ஆறுதல்கூட வந்தது.

போகவில்லை. ஆறு வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த மேஜர்தான் கதைத்தார். மற்றக் கொம்பனிகளின் வாகனங்களிலும் குறைகள் இருந்தனவாம், ஆனால் அவர்களுடைய அறிக்கைகளில் ஒரு குறையும் இல்லையாம். எங்களுடையது மட்டும்தான் அவருடைய குறிப்புப் புத்தகத்தோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போனதாம். கதவின் பூட்டை மாற்றி மறுபடி காட்டச் சொன்னார். நேரம் குறிக்க இதே மிஸ் வரட்டும் என்றார். முதலாளி மேசைக்குக் கீழே என் பக்கம் பார்க்காமல் கைவிரல்களைக் கோத்துக்கொண்டார். எனக்கு வாழ்த்துச் சொல்வதுபோல் இருந்தது மேஜரின் முகம்.

அப்படி இரண்டாம் தரமும் ஏறினேன். புதிய பூட்டு. மின்சாரத்தை நிறுத்தினார்கள். இந்தத் தரம் மிஸ்ஸே திறந்து பாருங்கள் என்றார் மேஜர். எழும்பிக் கைப்பிடியைத் திருப்பினேன். கதவு லேசாகத் திறந்தது, வெளிச்சம் உள்ளே வந்தது, யாரோ கை தட்டினார்கள். டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது. நிறுத்திய ஆட்களில் மூவரை முதலாளி திருப்பி எடுத்தார். ஒப்பந்தத்தில், பராமரிப்புக் காலம் முழுவதற்கும் தொடர்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போடும்படி அவர்களே கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதினால் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தவளுக்கு ஐந்து வருடம் கிடைத்தது.

அக்கா இப்போது கதைக்கிறாள். சாப்பாடு, மகளின் பரீட்சை முடிவு, கிருலப்பனையில் விலைக்கு வந்திருக்கும் ஒரு வீடு என்று எல்லாம் கதைப்போம். வேலையைப் பற்றி அவள் கேட்பதில்லை. ஒரேயொரு நாள் மட்டும், “அந்த வாகனங்களை எங்கட ஊர்ப் பக்கமும் அனுப்புவாங்களோ?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. தெரிந்துகொள்ள நான் யாரிடமும் கேட்டதும் இல்லை.

போன மாதம் வாகனத்துக்குள் ஒட்டும் அறிவிப்புக்களின் மாதிரியைத் தயாரிப்பாளர்கள் அனுப்பினார்கள். மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழை ஏதோ ஒரு கணினி மொழிபெயர்த்திருந்தது. கொம்புகள் ஒரு பக்கம், எழுத்துக்கள் ஒரு பக்கமாகக் கிடந்தன. பின்கதவுக்குரிய வசனத்தை அழித்துவிட்டு நானே எழுதினேன்: ‘அவசர வேளையில் கைப்பிடியை இடப்பக்கம் முழுதாகத் திருப்பவும்.’ எழுதிவிட்டு, வாகனத்துக்குள் இருந்து தமிழில் இதை வாசிக்கப் போகிறவர் யாராக இருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். படையில் இப்போது சில தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களாக இருக்கலாம். அத்தானைப் போல ஏற்றிக்கொண்டு போகப்படுகிற யாராகவும் இருக்கலாம்.

எழுத்தை இன்னும் பெரிதாக்கும்படியும், வெளிச்சம் இல்லாவிட்டாலும் தெரிகிற மையில் அச்சிடும்படியும் பக்கத்தில் குறிப்பு எழுதினேன். சிங்களத்துக்கும் அப்படியே என்று இன்னொரு வரி சேர்த்து, முத்திரை குத்தி அனுப்பினேன்.